தொண்டும் இளைஞரும்
(ஆண்டு விழாவில் ஆற்றிய சொற்பொழிவு)

 

இலக்கியப் பொருள் பல இருக்க, தொண்டினைப் பற்றிப் பேசுமாறு சங்கத்தார் எம்மைப் பணித்துள்ளனர். காலத்திற்கு ஏற்ற பணிப்பு என்றே கருதுகின்றோம். கவியரங்கும் பட்டிமன்றமும் இனிக்கத்தான் செய்கின்றன. ஆயினும் அவற்றைக் கேட்க அமர்ந்திருப்போர் யாவர் என்று ஒரு கணம் நோக்குங்கள். நரைத்த தலைகளே மிகுதி. இளைஞர் எங்கே? பந்தலின் ஓரத்தில் நாற்காலி அடுக்கிக்கொண்டும், பந்தியில் தண்ணீர் ஊற்றிக்கொண்டும் இருக்கின்றனர். அதுவும் தொண்டுதான், ஆனால் அஃது ஒன்றே அவர்க்கு உரியது என்று நாம் எண்ணிவிட்டோமோ என்பதே எம் ஐயம்.

இவ்வூரில் தமிழர் தொண்டு புதியதன்று. இன்று கருநாடக உயர்நீதிமன்றமாக விளங்கும் அட்டாரா கச்சேரியைக் கட்டிய ஒப்பந்தக்காரர் ஆர்க்காடு நாராயணசாமி முதலியார் ஆவார். அச்செந்நிற மாளிகை 1860-களில் எழுந்தது. தொழிலில் ஈட்டிய பொருளைத் தம் குடும்பத்திற்கே வைத்துக்கொள்ளாமல், 1873-ஆம் ஆண்டில் ஏழைப் பிள்ளைகளுக்கென ஒரு பள்ளியை அவர் தொடங்கினார். அவர் பெயரால் அமைந்த அறநிலையம் இன்றும் கல்விப்பணி ஆற்றி வருகின்றது. பின்னர் 1950-இல் பெங்களூர்த் தமிழ்ச் சங்கம் தோன்றியது. அல்சூர் ஏரிக்கரையில் அதன் இல்லத்தை அறியாத தமிழர் இவ்வூரில் இலர்.

தனியொருவர் கொடை ஒரு வகை. பலர் கூடிச் செய்யும் தொண்டு மற்றொரு வகை. பின்னதற்கு ரோட்டரி சங்கத்தை எடுத்துக்காட்டாகக் கூறலாம். 1905-ஆம் ஆண்டில் சிக்காகோ நகரத்தில் பால் ஹாரிஸ் என்னும் வழக்கறிஞரும் அவருடைய நண்பர் மூவரும் கூடித் தொடங்கியது அது. அவர்கள் முதன்முதல் மேற்கொண்ட ஊர்ப்பணி யாது தெரியுமா? நகரில் பொதுக் கழிப்பிடம் அமைக்கச் செய்தது! கேட்போர் நகைக்கலாம், ஊருக்கு எது வேண்டுமோ அதைச் செய்தனர், அவ்வளவே. பெங்களூரிலும் 1934 முதல் ரோட்டரி சங்கம் இயங்கி வருகின்றது.

அச்சங்கத்தார் பள்ளி மாணவர்க்கென ‘இன்டராக்ட்’ என்றொரு கிளையமைப்பை வகுத்தனர். அதன் முதற் சங்கம் 1962 நவம்பரில் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில், மெல்பேர்ன் நகரத்துப் பள்ளியொன்றில் 23 மாணவர்களுடன் அமைந்தது. அதற்கடுத்த சங்கம் எங்கே தோன்றிற்று? இலண்டனிலன்று, பாரிசிலன்று, நம் தஞ்சாவூரில்! இச்செய்தியை அறிந்தபோது எமக்கு உண்டான மகிழ்ச்சி சிறிதன்று.

பன்னிரண்டு முதல் பதினெட்டு வயதினர்க்கு உரிய அவ்வமைப்பில் ஒரு நல்ல விதி உண்டு. ஆண்டுதோறும் இரு பணிகளையேனும் செய்தல் வேண்டும்: ஒன்று தம் பள்ளிக்கோ ஊருக்கோ பயன்படுவது, மற்றொன்று பிற நாட்டாரோடு நல்லிணக்கம் வளர்ப்பது. இவ்விதியை நம் குடியிருப்புக்கு ஏற்பச் சற்றே திருத்திக்கொள்வோமாயின், ஒன்று தெருவுக்கு, மற்றொன்று அயலவர்க்கு.

தெருவுக்குரிய பணியைப் பற்றி மிகுத்துச் சொல்லத் தேவையில்லை. கட்டட வேலைக்கென வந்திருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளைப் பள்ளியிற் சேர்த்தல், வங்கிப் படிவம் நிரப்ப இயலாத முதியோர்க்கு உதவுதல் எனக் கண்ணெதிரே பல உள.

அயலவர்க்குரிய பணியோ அரியது. காவிரிப் பூசலை ஒட்டி 1991 டிசம்பரில் இவ்வூர்த் தமிழர் பட்ட துன்பத்தை இங்குள்ள மூத்தோர் மறந்திரார். 2016 செப்டம்பரில் மூண்ட கலவரத்தை இளையோரும் கண்டனர். அல்சூர் ஏரியருகே வள்ளுவர் சிலை பதினெட்டு ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடிக்கிடந்தது. அன்று பிறந்த குழந்தை வாக்களிக்கும் வயதை எய்தும் வரை! 2009 ஆகஸ்டு 9-ஆம் நாள் அது திறக்கப்பெற்றது. நான்கு நாட்கழித்துச் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவிஞர் சர்வக்ஞரின் சிலை திறக்கப்பெற்றது. அது முதலமைச்சர்கள் செய்த பணி. தெருவில் அதே பணியைச் செய்ய வல்லவர் நம் பிள்ளைகளே. பெரியவர்களாகிய நாம் கடைக்கன்னடம் பேசி நாளைக் கழிக்கின்றோம். அவர்களோ பள்ளியில் கன்னடம் எழுதவும் படிக்கவும் கற்றவர்கள். புதிதாக வரும் தமிழர்க்கு அவர்கள் கன்னட எழுத்தைக் கற்பிக்கட்டும். தமிழ் கற்க விரும்பும் கன்னட நண்பர்க்கு நம் கூடத்திலேயே தமிழ் எழுத்தைக் கற்பிக்கட்டும். தம் தமிழே தடுமாறும் பிள்ளைகளுக்கும் இதனினும் சிறந்த பயிற்சி இல்லை. பிறர்க்குக் கற்பிக்கப் புகுந்தால் தாமே கற்றாக வேண்டுமன்றோ!

இதற்கென ஒரு சிறு தொகையைச் சங்கம் ஒதுக்கி, செலவையும் கணக்கையும் அவர்களிடமே விடுதல் வேண்டும். “பிள்ளைகள் கையிலா பணம்?” என்று சிலர் தயங்குவர். அறுபது வயதில்தான் கணக்கெழுதக் கற்க வேண்டுமெனில், நாளைச் சங்கத்தின் பொருளாளரை எங்கே தேடுவது? பெண்மக்களுக்கும் பொறுப்பில் சரிபாதி வேண்டும். ரோட்டரி சங்கமே மகளிரை 1989-இல்தான் உறுப்பினராக ஏற்றது. நமக்கு அத்தனைக் காலத் தாழ்வு வேண்டா.

பெயர் பதியும் குறிப்பேடு நூலக மேசைமீது உள்ளது. பெற்றோர் ஒப்பத்துடன் மாணவர்கள் தாமே வந்து எழுதுக. முதற் கூட்டத்திற்குப் பெரியவர் எவரும் தலைமை தாங்கார். கூடத்தின் திறவுகோலை மட்டும் செயலாளர் அவர்கள் கையில் கொடுத்துவிடுவார்.