ஹுதைபிய்யாவில் விட்டுக்கொடுத்தது எது?



ஹிஜ்ரி 6ஆம் ஆண்டில் உம்ராவுக்குச் சென்ற நபி (ஸல்) அவர்களையும் சுமார் 1,400 தோழர்களையும் குறைஷியர் தடுத்தனர். ஹுதைபிய்யாவில் உடன்படிக்கை எழுதப்படுகையில், "அல்லாஹ்வின் தூதர்" என்ற சொல்லை ஸுஹைல் இப்னு அம்ர் ஏற்க மறுத்தார். அதனை அழிக்க அலீ (ரழி) அவர்களுக்கு மனம் வரவில்லை. நபியவர்களே அழித்து, "அப்துல்லாஹ்வின் மகன் முஹம்மத்" என எழுதச் செய்தார்கள். அவ்வருடம் மக்காவினுள் நுழையாமலே திரும்பவும் இணங்கினார்கள். குறைஷியரின் கௌரவம் காக்கப்பட்டது; வணிகப் பாதையும் அச்சமற்றதாயிற்று. முஸ்லிம்களுக்கோ 10 ஆண்டுப் போர்நிறுத்தமும், மறுவருடம் 3 நாட்கள் மக்காவில் தங்கும் அனுமதியும் கிடைத்தன.

நம்மிடையே அழைப்பிதழில் யார் பெயர் முதலில் என்பதற்காகவே சம்பந்தம் முறிகிறதே! பேசச் செல்லுமுன் பிள்ளைகளுடன் அமருங்கள். எது வெறும் பெயர், எது உரிமை என்று பிரித்துக்கொள்ளுங்கள். மஹர் மணமகளின் உரிமை. அவளது சம்மதமின்றி அதைக் குறைத்துப் பேச வாப்பாவுக்கும் அதிகாரமில்லை.