தேய்ந்த தங்கமே நல்ல தங்கம்

பழங்கால ஆங்கிலேயப் பீங்கான் காப்பிக் கோப்பை வாங்கும்போது, சாசர் இல்லையே என்று பலர் தயங்குகிறார்கள். 1800ஆம் ஆண்டையொட்டி ஸ்போட், டார்பி, வூஸ்டர் போன்ற தொழிற்சாலைகள் தேநீர்க் கோப்பைக்கும் காப்பிக் கோப்பைக்கும் சேர்த்து ஒரே சாசர்தான் கொடுத்தன. இரண்டையும் ஒரே நேரத்தில் யார் குடிப்பார்கள்?

பார்க்க வேண்டியது தங்கப் பூச்சைத்தான். அன்று தங்கத்தைப் பாதரசத்துடன் குழைத்துப் பூசிச் சுட்டார்கள். பாதரசம் ஆவியாகிவிடும்; அதைச் சுவாசித்த தொழிலாளர்களின் உடல்நலமும் கெட்டது. அப்படிப் பூசிய தங்கம் விளிம்பிலும் கைப்பிடியிலும் தேய்ந்திருப்பது இயல்பு. விளிம்பு மட்டும் புதிதாக மின்னினால், மறுபூச்சா என்று கேளுங்கள். நான் கேட்காமல் வாங்கி ஏமாந்தேன். அந்தக் கோப்பையில் இப்போது என் பேனாக்கள் நிற்கின்றன.