பழம்பெருமை யாருக்கு?

(தவளக்குப்பத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று செல்போன் இல்லாத வீடு அநேகமாய் இல்லை. பொழுது விடிந்தால் அதில் ஏதாவதொரு பழம்பெருமைச் சங்கதி வந்து நிற்கிறது. கிரேக்கரும் ரோமரும் நம்மைப் புகழ்ந்து எழுதினார்களாம். அவர்கள் பொன்னெல்லாம் இங்கே வந்து குவிந்ததாம். கண்டவர் உடனே பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகிறார். அந்தப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தவர் எத்தனை பேர் என்பதே நமது கேள்வி.

சங்கதி முழுப்பொய் என்று நாம் சொல்ல வரவில்லை. இங்கிருந்து வடக்கே சில மைலில், அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு இருக்கிறது. 1945-ல் வீலர் துரை அங்கே தோண்டியபோது, இத்தாலி நாட்டுச் சிவப்பு மட்பாண்டங்களும் ஒயின் வந்த ஜாடிகளின் உடைசல்களும் கிடைத்தன. கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்த ஒரு கிரேக்க வியாபாரி எழுதிய "பெரிப்ளூஸ்" என்னும் கடல் வழி நூல், பொதுகே என்றொரு துறைமுகத்தைச் சொல்கிறது. அது இந்த அரிக்கமேடுதான் என்பது ஆராய்ச்சிக்காரர் பலருடைய அபிப்பிராயம். ரோமாபுரிப் பிளினி, வருஷந்தோறும் 5 கோடி செஸ்டர்ஸ் பணம் இந்தியாவுக்குப் போகிறதே என்று எழுதியதும் உண்மை. ஆனால் அது புகழ்ச்சியல்ல; வயிற்றெரிச்சல்!

இனி மறைக்கப்படும் பாகத்தைக் கேளுங்கள். பொதுகேயைச் சொல்லும் அதே நூல், அதற்குச் சற்று முன்னால், பாண்டிய நாட்டுக் கொற்கையில் முத்துக் குளித்தவர்கள் தண்டனை பெற்ற கைதிகள் என்கிறது. இதை யாராவது உங்களுக்கு அனுப்பினார்களா? முத்து விற்ற பெருமை வேண்டும். மூச்சடக்கிக் கடலடியில் இறங்கியவன் வேண்டாம்! வந்த பொன் அவன் குடிசைக்கா போயிற்று?

மேனாட்டாரும் இந்த வித்தையில் இளைத்தவர்களல்ல. மேன்மை பழக்கத்தால் வருவது என்ற கருத்தில் ஒரு பொன்மொழி அரிஸ்டாட்டில் பேரால் உலகமெங்கும் உலவுகிறது. அந்த வாக்கியத்தை எழுதியவர் வில் டூரண்ட் என்ற அமெரிக்கர், வருஷம் 1926. அரிஸ்டாட்டில் மெய்யாகவே எழுதியதோ, சிலர் இயற்கையிலேயே அடிமைகள் என்பது. 1550-ல் ஸ்பெயின் தேசத்துச் செபுல்வேதா இதைக் காட்டித்தான், அமெரிக்கப் பழங்குடிகளை அடக்கியாளுவது நியாயமென்று வாதாடினார். பிறவியில் மேல் கீழ் பேசுகிற புத்தகம் எந்நாட்டதானாலென்ன, எவ்வளவு பழையதானாலென்ன? குப்பை குப்பைதானே!

ஆகையால் தோழர்களே! இப்படி ஒரு சங்கதி வந்தால், எந்தப் புத்தகம், அதில் முன்னும் பின்னும் என்ன இருக்கிறது, இந்தப் பெருமையால் யாருக்கு லாபம் என்று கேளுங்கள். 2000 வருஷத்துக்கு முன் ரோமனோடு சரிசமமாய் வியாபாரம் செய்தோம் என்று மார்தட்டுகிறவர், இன்று தம் ஊர்ச் சேரித் தோழரோடு சரிசமமாய் உட்கார்ந்து உண்ண மறுப்பாரானால், அந்தப் பெருமை காசுக்கு உதவுமா? யோசித்துப் பாருங்கள். நாம் சொல்வதையும் அப்படியே நம்பிவிடாமல் உங்கள் அறிவுகொண்டு ஆராய்ந்து, சரியென்று பட்டால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்கிறோம்.