பாங்கிக் கணக்கைப் பார்ப்பது யார்? நஷ்டத்தைக் கட்டுவது யார்?

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் கூடிய வகுப்பில் ஆற்றிய உரை)



ஐரோப்பிய பாங்கிகளைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். கூலிக்காரனுக்கும் அதற்கும் என்ன சம்பந்தம்? அயர்லாந்தில் நடந்ததைச் சொல்கிறேன். அங்கும் கடைசியில் கூலியில்தான் கைவைத்தார்கள்.

2008 செப்டம்பர் 29 இரவு. டப்ளின் நகரத்தில் மந்திரிகள் தூங்கவில்லை. பொழுது விடிந்ததும் அறிவிப்பு வந்தது. ஆறு பாங்கிகளின் டிபாசிட்டுகளுக்கும் கடன்களுக்கும் சர்க்கார் ஜாமீன்! சுமார் 44,000 கோடி யூரோ. நாட்டின் ஜனத்தொகையோ 45 லட்சம்தான்.

பாங்கிகள் எப்படிக் கவிழ்ந்தன? வெளிநாட்டில் குறுகிய தவணைக்குக் கடன் வாங்கி, நிலம் வாங்கி வீடு கட்டி விற்கிறவர்களுக்கு அள்ளிக் கொடுத்தன. நிலத்தின் விலை ஏறுகிறவரை எல்லாரும் கெட்டிக்காரர்கள். விலை சரிந்ததும் கொடுத்த கடன் திரும்பவில்லை. புதுக் கடனும் கிடைக்கவில்லை. பாங்கி கொடுக்கிற நூறு யூரோவில் அதன் சொந்த முதல் சில யூரோதான். மிச்சமெல்லாம் ஊரார் பணம். நூற்றில் பத்து வராமற்போனாலே சொந்த முதல் கரைந்து, ஊரார் பணத்தில் ஓட்டை விழும்.

கண்காணிக்க அதிகாரிகள் இல்லையா? இருந்தார்கள். களத்தில் நெல் அளக்கும்போது மரக்காலைப் பிடிப்பவன் பண்ணையாரின் ஆள் என்றால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அயர்லாந்தில் அப்படி ஆள் வைக்கக்கூடத் தேவைப்படவில்லை. பாங்கி டைரக்டர்கள் பெரிய மனிதர்கள், நிர்வாகத்தை அவர்களே ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார்கள் என்று மேற்பார்வை இலாகா நம்பியது. தவறு கண்டபோதும் கண்டிப்புக் காட்டவில்லை. இது என் கற்பனையல்ல. அந்நாட்டு மத்திய பாங்கியின் கவர்னர் பாட்ரிக் ஹொனொஹன் 2010-ல் கொடுத்த அறிக்கையின் சாரம்.

பாங்கிகளுக்குள் சர்க்கார் கொட்டியது 6,400 கோடி யூரோ. தலைக்கு 14,000-க்கு மேல்! பங்குகளை விற்றுப் பின்னால் ஒரு பகுதி திரும்பியது உண்மை. ஆனால் ஆங்கிலோ ஐரிஷ் பாங்கியில் போட்ட 2,900 கோடியில் பெரும்பகுதி போனது போனதுதான். 2010 நவம்பரில் ஐரோப்பிய யூனியனும் சர்வதேச நிதி ஸ்தாபனமும் சேர்ந்து 8,500 கோடித் திட்டம் போட்டன. அதில் 1,750 கோடி அயர்லாந்தின் சொந்தப் பணம். ஜனங்களின் பென்ஷனுக்கென்று சேர்த்து வைத்த நிதியும் அதில் போயிற்று. 2011 பிப்ரவரியில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 8.65 யூரோவிலிருந்து 7.65 ஆயிற்று. ஓட்டலில் பாத்திரம் கழுவுகிறவளா நிலத்துக்குக் கடன் கொடுத்தாள்? புதிய சர்க்கார் வந்து ஜூலையில் பழைய கூலியைத் திரும்பக் கொண்டுவந்தது. ஆங்கிலோ ஐரிஷின் தலைமை நிர்வாகி டேவிட் டிரம்முக்கு ஆறு வருஷச் சிறை விதிக்கப்பட்டது 2018-ல்தான்.

சூடுபட்ட பிறகு சட்டங்கள் வந்தன. 2014 நவம்பர் 4 முதல் யூரோ நாடுகளின் பெரிய பாங்கிகளை நேரடியாக மேற்பார்வை செய்வது பிராங்க்பர்ட்டிலுள்ள ஐரோப்பிய மத்திய பாங்கி. உள்ளூர்ப் பெரிய மனிதர்களின் தாட்சண்யம் அங்கே குறையும் என்பது எண்ணம். நல்ல எண்ணம்தான். 2016-லிருந்து இன்னொரு விதி: பாங்கி கவிழ்ந்தால் நஷ்டத்தை முதலில் பங்குதாரர் ஏற்க வேண்டும், அடுத்து கடன் பத்திரக்காரர். கஜானா கடைசியில். லட்சம் யூரோ வரையிலான டிபாசிட்டைத் தொடக்கூடாது.

விதி நின்றதா? 2017 ஜூனில் ஸ்பெயினின் போப்புலர் பாங்கி ஒரு யூரோவுக்கு சாந்தாந்தேர் பாங்கிக்கு விற்கப்பட்டது. பங்குதாரர் பணம் முழுவதும் போயிற்று. சர்க்கார் பணம் போகவில்லை. மூன்று வாரம்கூட ஆகவில்லை, இத்தாலியின் வெனெட்டோ பிரதேசத்தில் இரண்டு பாங்கிகள் விழுந்தன. இவை சிறியவை, ஐரோப்பிய விதி வேண்டாம், உள்நாட்டுச் சட்டமே போதும் என்றார்கள். இத்தாலிய சர்க்கார் ரொக்கமாக சுமார் 480 கோடியும், ஜாமீனாக 1,200 கோடி வரையும் கொடுத்தது. நல்ல சொத்துக்கள் இன்தேசா பாங்கிக்குப் போயின, விலை ஒரு யூரோ!

ஒன்று சொல்ல வேண்டும். இத்தாலியில் அந்தக் கடன் பத்திரங்களை வாங்கியிருந்தவர்களில் சாதாரணக் குடும்பத்தார் நிறையப் பேர். பாங்கியே தன் வாடிக்கைக்காரர் தலையில் கட்டியது. ஆகவே பத்திரக்காரன் நஷ்டப்படட்டும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வதற்கில்லை. அந்தப் பத்திரம் அவன் கைக்கு எப்படி வந்தது என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டியது மேற்பார்வைக்காரன் வேலை.

டிபாசிட்டுகளுக்கு ஐரோப்பா முழுவதற்கும் ஒரே இன்ஷூரன்ஸ் என்று 2015 நவம்பரில் யோசனை வைத்தார்கள். அதற்கு இன்றுவரை எல்லா சர்க்கார்களும் சம்மதிக்கவில்லை. லட்சம் யூரோ வாக்குறுதிக்கு இப்போதும் அந்தந்த நாட்டு நிதிதான் பொறுப்பு.