கீழே இருப்பவனை மறவாமல்

(யூபிலிச் சுற்றுலாவிற்கு முந்தின நாள் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



நாளை கொடைக்கானல் செல்கிறோம். மலைப்பாதையில் நம்மை முதலில் வரவேற்பது வெள்ளி அருவி. கண்டு மகிழுங்கள். ஆனால் ஒன்றை நினைவில் வையுங்கள். 1863-இல் லெவிஞ் துரை முயற்சியால் உருவான ஏரி நிரம்பி வழியும் நீரே அவ்வருவி. மேலே எறிவது கீழே வந்து சேரும்.

சலேத் மாதா கோவில், செண்பகனூரில் சேசு சபைக் குருக்கள் அமைத்த அருங்காட்சியகம், ஏறத்தாழ 400 அடி உயரத் தூண் பாறைகள், பூண்டு விளையும் பூம்பாறைக் கிராமத்துப் படிக்கட்டு வயல்கள் அனைத்தையும் காண்போம். குறிஞ்சி மலரை மட்டும் காண இயலாது. 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் அது 2018-இல் பூத்துவிட்டது.

இத்தனை அழகிய மலையிலும் ஒரு தெர்மாமீட்டர் ஆலையின் பாதரசம் மண்ணைக் கெடுத்தது. 2001-இல் ஆலையை மூடினார்கள். மூடியபின்னும் பாதரசம் மண்ணில் இருந்தது. பிறர் விட்ட கழிவெல்லாம் சுமந்துவரும் பக்கிங்காம் கால்வாய்க் கரையில் வாழும் நமக்கு இவ்வேதனை புதிதன்று. கீழே இருப்பவன் படும் பாட்டை அறிந்த நாமே, மேலே ஏறியதும் அதை மறக்கலாமா?

ஆகவே சோற்றை எவர்சில்வர் டப்பாவில் கட்டுங்கள். தண்ணீரைக் கூஜாவில் எடுங்கள். கொருக்குப்பேட்டையார் வந்துபோன சுவடே தெரியாமல் திரும்புவோம்.