கண்ணுக்குக் கவசம் உண்டு, நுரையீரலுக்கு?

(தொழிற்சங்க ஊழியர் வகுப்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் சுருக்கமான தமிழாக்கம்)



லூதியானாவின் மிதிவண்டி உதிரிபாகப் பட்டறைகளிலும், ஃபரீதாபாத்தின் சிறுதொழிற்கூடங்களிலும், குஜராத்தின் அலங் கப்பல் உடைப்புத் தளத்திலும் உலோகத்தைப் பற்றவைத்தும் வெட்டியும் பிழைக்கும் தொழிலாளர்களின் கையில் பெரும்பாலும் இருப்பது ஒரு கறுப்புக் கண்ணாடி மட்டுமே. அது ஒளியையும் தீப்பொறியையும் தடுக்கும், புகையைத் தடுக்காது.

உருகும் உலோகம் ஆவியாகிக் காற்றில் குளிரும்போது மிக நுண்ணிய துகள்களாகிறது. அவற்றுள் பெரும்பாலானவை ஒரு மைக்ரானுக்கும் சிறியவை. மூக்கும் தொண்டையும் அவற்றைத் தடுக்க இயலாமையால், நுரையீரலின் காற்றுச் சிற்றறைகள் வரை சென்று படிகின்றன. துத்தநாகம் பூசிய தகட்டில் வேலை செய்தவருக்கு அன்றிரவே குளிர்காய்ச்சல் வருவதுண்டு. காலையில் அது தணிந்துவிடுவதால் யாரும் பொருட்படுத்துவதில்லை. நாட்பட்ட இருமலும் மூச்சிரைப்பும் தொடர்கின்றன. நிமோனியாத் தொற்றுக்கும் நுரையீரல் எளிதில் ஆட்படுகிறது. துருப்பிடிக்காத எஃகின் புகையில் குரோமியமும் நிக்கலும் சேர்ந்திருக்கும். பாலும் வெல்லமும் கொடுத்துவிட்டால் பாதுகாப்பு முடிந்தது என்று நிர்வாகங்கள் கருதுகின்றன. வயிற்றுக்குள் செல்லும் வெல்லம் நுரையீரலைக் கழுவுவதில்லை.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை, 1989இல் வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் சாத்தியமுள்ளது என்ற அளவிலேயே வகைப்படுத்தியிருந்தது. 2017இல் அது மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பது என ஐயத்திற்கிடமின்றி முதல் பிரிவில் சேர்த்தது. சாதாரண எஃகின் புகையும் இதற்கு விலக்கன்று. 2019இல் பிரிட்டனின் தொழில் பாதுகாப்புத் துறை, சன்னல் கதவுகளைத் திறந்துவைக்கும் பொதுக் காற்றோட்டம் போதாது என்று அறிவித்தது.

நம் நாட்டிலும் இது புதிய கருத்தன்று. புகை எழும் இடத்திற்கு இயன்றவரை அருகிலேயே உறிஞ்சு கருவி அமைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு கூறியது. ஆயினும் 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் பாதுகாப்புத் தொகுப்போ, மின்விசையால் இயங்கும் தொழிற்சாலைக்கான வரம்பைப் 10 தொழிலாளரிலிருந்து 20ஆக உயர்த்திவிட்டது. வெல்டிங் மிகுதியாக நடைபெறும் சிறு பட்டறைகளே இதனால் தொழிற்சாலை என்னும் வரையறைக்கு வெளியே தள்ளப்படுகின்றன. 40 வயதைக் கடந்தவர்களுக்கு இலவச ஆண்டுப் பரிசோதனை என்று ஒன்றிய அரசு பெருமை பேசுகிறது. 20 வயதில் தொழிலுக்கு வந்தவர் அதற்குள் 20 ஆண்டுகள் புகையைச் சுவாசித்திருப்பார்.

நோய் முற்றும்போது ஒப்பந்தத் தொழிலாளி பல முதலாளிகளைக் கடந்திருப்பார். எந்தப் பட்டறையின் புகை அது என்று கேட்டால் காட்டுவதற்கு ஒரு தாளும் இராது. இழப்பீடு மறுக்கப்படும் இடம் இதுவே. கல்நார்த் தொழிலாளர் வழக்கில் 1995இல் உச்சநீதிமன்றம், தொழிலாளியின் உடல்நலம் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறி, மருத்துவப் பதிவேடுகளைக் குறைந்தது 40 ஆண்டுகள் பாதுகாக்க ஆணையிட்டது. அந்த உரிமை வெல்டிங் தொழிலாளிக்கும் வேண்டும்.

ஆகவே சங்கங்களின் கோரிக்கைப் பட்டியலில் மூன்று இடம்பெற வேண்டும்: ஒவ்வொரு வெல்டிங் மேசையிலும் புகை உறிஞ்சும் அமைப்பு, வேலையில் சேரும் நாளிலும் பின்னர் ஆண்டுதோறும் மூச்சுத்திறன் பரிசோதனை, அதன் நகல் தொழிலாளியின் கையில். முகமூடி இவற்றுக்குத் துணையாகலாம், மாற்றாகாது. கூலி உயர்வுக்குக் குரல் கொடுக்கும் வாயிற்கூட்டங்களில் இக்கோரிக்கைகளும் ஒலிக்கட்டும்.