கட்டளைக்குப் பின்னால் எழுதும் எழுத்துகள்

(மாவட்ட அளவிலான ஆசிரியர் பணியிடைப் பயிற்சியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைப்பைப் பார்த்ததும் தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள் சிலர், "இது மேல்நிலை கணினி ஆசிரியர்களுக்கானது, நமக்கு இதில் என்ன வேலை?" என்று நினைத்திருப்பீர்கள். பத்து நிமிடம் பொறுத்துக் கேளுங்கள். ஒரு பொருளைப் பெயர் சொல்லித் தருவதற்கும், முதல் பொருள் இரண்டாம் பொருள் என்று வரிசையை நம்பித் தருவதற்கும் உள்ள வேறுபாடுதான் இன்றைய பேச்சு. அந்த வேறுபாட்டை நான் 34 பிள்ளைகளின் உழைப்பைத் தொலைத்துக் கற்றுக்கொண்டேன்.

முன்கூட்டியே ஒன்று. கட்டளைகள் திரையில் ஆங்கில எழுத்துகளில்தான் இருக்கும். இங்கே வாயால் சொல்வதால் 'வி', 'கே' என்று தமிழில் சொல்கிறேன்.

எங்கள் பள்ளி ஆய்வகத்தில் லினக்ஸ் ஏற்றிய பழைய கணினிகள் சில உள்ளன. பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் பைத்தான் நிரல்கள் எல்லாம் ஒரே கணினியில் 'வேலை' என்ற கோப்புறையில் சேரும். அதை அவ்வப்போது 'காப்பு' என்ற இன்னொரு கோப்புறைக்கு நகலெடுக்க ஒரு சிறிய ஷெல் ஸ்கிரிப்ட் எழுதி வைத்திருந்தேன். ஆறே வரி. முதலில் தருவது எங்கிருந்து எடுப்பது, இரண்டாவது தருவது எங்கே வைப்பது. வைக்கும் இடத்தில் உள்ள பழையவற்றை அழித்துவிட்டுப் புதியவற்றை நகலெடுக்கும். ஷெல்லில் இவற்றை டாலர் 1, டாலர் 2 என்று குறிப்பிடுவோம்.

ஒரு ஜனவரிக் கடைசியில் நான் பயிற்சிக்காக வெளியூர் போயிருந்தேன். செய்முறைத் தேர்வு நெருங்கிவிட்டது. காப்பு எடுத்து மூன்று வாரம் ஆகியிருந்தது. இயற்பியல் ஆசிரியை ஆய்வகத்தைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருந்தார். மாலையில் அவரிடம் தொலைபேசியில், "டீச்சர், காப்பு ஃபோல்டர், வேலை ஃபோல்டர் ரெண்டு பேரையும் அடிச்சு என்டர் தட்டுங்க, போதும்" என்றேன். அவர் நான் சொன்ன வரிசையிலேயே அடித்தார். காப்பு முதலில், வேலை இரண்டாவது.

ஸ்கிரிப்ட் தன் கடமையைச் சரியாகச் செய்தது. 'வேலை' கோப்புறையில் இருந்ததை எல்லாம் அழித்தது. மூன்று வாரத்துக்கு முந்தைய காப்பை எடுத்து அங்கே வைத்தது. பிழைச் செய்தி ஒன்றும் இல்லை. மறுநாள் ஒரு மாணவி, "சார், என்னோட ப்ராஜெக்ட் பொங்கலுக்கு முன்னாடி இருந்த மாதிரியே இருக்கு" என்று சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

நிரல்களைப் பிள்ளைகள் செய்முறைப் பதிவேட்டில் கையால் எழுதி வைத்திருந்ததால் பார்த்துத் திரும்ப அடித்தார்கள். பதிவேடு எழுதச் சொல்லும்போது முகம் சுளிக்கும் பிள்ளைகள் அந்த வாரம் சுளிக்கவில்லை. ஆனால் அந்த மாணவி தன் ஊர் ரேஷன் கடை, பேருந்து நேரம் எல்லாவற்றையும் சேகரித்துப் போட்டிருந்த தரவுக் கோப்பு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அது போனது போனதுதான். இயற்பியல் ஆசிரியை, "நீங்க சொன்ன மாதிரிதானே சார் அடிச்சேன்" என்றார். ஆமாம், நான் சொன்ன மாதிரியேதான் அடித்தார்.

சரி, டீக்கடைக்குப் போவோம். "ரெண்டு டீ, ஒண்ணு சர்க்கரை இல்லாம" என்றாலும் "சர்க்கரை இல்லாம ஒண்ணு, மொத்தம் ரெண்டு" என்றாலும் மாஸ்டர் ஒரே மாதிரிதான் போடுவார். எது முதலில் வந்தது என்று அவர் பார்ப்பதில்லை. ஒவ்வொரு சொல்லும் எதைப் பற்றியது என்று பார்க்கிறார். கட்டளை வரியில் சிறுகோடு போட்டு ஓர் எழுத்தைத் தருவது இதற்காகத்தான். '-வி' என்றால் வேலைக் கோப்புறை. '-கே' என்றால் காப்புக் கோப்புறை. எதை முன்னால் போட்டாலும் கவலை இல்லை. இவற்றைத் தெரிவுகள் என்கிறோம்.

தெரிவுகளில் இரு வகை உண்டு. "ஸ்ட்ராங்கா" என்றால் அதோடு முடிந்தது, வேறு கேள்வி இல்லை. "பார்சல்" என்றால் "எத்தனை?" என்ற கேள்வி வரும், ஒரு மதிப்பு வேண்டும். இந்த வேறுபாட்டை ஷெல்லுக்கு யார் சொல்வது? அதற்கென்றே ஷெல்லுக்குள் 'கெட்ஆப்ட்ஸ்' என்ற கட்டளை இருக்கிறது. 1986-இல் யூனிக்ஸ் சிஸ்டம் ஃபைவ் மூன்றாம் வெளியீட்டோடு வந்த போர்ன் ஷெல்லில் சேர்க்கப்பட்டது. நாம் இன்று பயன்படுத்தும் பாஷிலும் இருக்கிறது. அதற்கு எழுத்துகளின் ஒரு பட்டியலைத் தருகிறோம்: 'வி:கே:என்'. வி-க்கும் கே-க்கும் பின்னால் முக்காற்புள்ளி இருக்கிறது. அவை மதிப்பு கேட்பவை. என்-க்குப் பின்னால் இல்லை. அது "ஸ்ட்ராங்கா" மாதிரி.

பன்னிரண்டாம் வகுப்பு எடுப்பவர்களுக்கு இப்போது ஏதோ நினைவுக்கு வந்திருக்கும். நம் கணினி அறிவியல் பாடநூலில் சி பிளஸ் பிளஸ் நிரலைப் பைத்தானிலிருந்து இயக்கும் பாடத்தில் 'கெட்ஆப்ட்' என்ற தொகுதி வருகிறது. 'ஐ' என்ற எழுத்துக்குப் பின்னால் ஒரு முக்காற்புள்ளி. பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். பத்து ஆண்டுக்கு மேல் கணினி எடுக்கும் நானும், "முக்காற்புள்ளியை விட்டுடாதீங்க, மார்க் போயிடும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அது ஏன் அங்கே நிற்கிறது என்று எந்தப் பிள்ளையும் கேட்கவில்லை, நானும் கேட்க வைக்கவில்லை.

இப்போது வகுப்பில் அந்தப் புள்ளியை அழித்துவிட்டு ஓட்டச் சொல்கிறேன். '-ஐ' தனி ஆளாக நின்றுவிடும். அதற்குப் பின்னால் எழுதிய கோப்பின் பெயர் யாருக்கும் சொந்தமில்லாமல் மிச்சத்தில் போய்ச் சேரும். திரும்பப் புள்ளியை வைத்து ஓட்டினால் பெயர் தன் எழுத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். இரண்டு நிமிட வேலை. அதற்குப் பிறகு யாரும் அந்தப் புள்ளியை மறப்பதில்லை.

கெட்ஆப்ட்ஸை ஒரு 'வைல்' மடக்குக்குள் வைப்போம். ஒவ்வொரு சுற்றிலும் ஓர் எழுத்தைத் தரும். மதிப்பு இருந்தால் 'ஆப்ட்ஆர்க்' என்ற மாறியில் வைக்கும். அடுத்துப் படிக்க வேண்டியது எத்தனையாவது சொல் என்பதை 'ஆப்ட்இண்ட்' நினைவில் வைத்திருக்கும். உள்ளே ஒரு 'கேஸ்' கூற்று: வி வந்தால் இது, கே வந்தால் அது, தெரியாத எழுத்து வந்தால் பயன்படுத்தும் முறையைத் திரையில் காட்டிவிட்டு வெளியேறு. பட்டியலின் முதலிலேயே ஒரு முக்காற்புள்ளி போட்டால், ஷெல் தானாக ஆங்கிலத்தில் முணுமுணுக்காது. பிழைச் செய்தியை நாமே தமிழில் எழுதலாம். எங்கள் பள்ளியில் இதனால் பெரிய வசதி.

இதில் ஒரு பள்ளம் உண்டு. அதைக் கண்டுபிடித்தது நானல்ல, பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன். '-கே' அடித்துவிட்டுப் பெயர் தராமல் அடுத்து '-என்' அடித்தான். பிழை வரும் என்று நான் சொன்னேன். வரவில்லை. '-என்' என்பதையே காப்புக் கோப்புறையின் பெயராக எடுத்துக்கொண்டது. கே-க்கு ஒரு மதிப்பு வேண்டும், அடுத்து வந்த சொல் அதுதான், அவ்வளவே கெட்ஆப்ட்ஸுக்குத் தெரியும். ஆகவே வந்த மதிப்பு சிறுகோட்டில் தொடங்குகிறதா என்று நாமே சோதிக்க வேண்டும். அவன் பெயரை ஸ்கிரிப்ட்டின் மேலே குறிப்பு வரியில் எழுதி வைத்திருக்கிறேன்.

இனி அமைவுக் கோப்பு. தினமும் போகும் கடையில் நாம் வாய் திறக்க வேண்டியதில்லை. "சாருக்கு எப்பவும் போல" என்பார் மாஸ்டர். அந்த 'எப்பவும் போல'தான் அமைவுக் கோப்பு. ஒரு சாதாரண உரைக் கோப்பில் 'காப்பு' என்று எழுதி, சமக்குறி போட்டு, கோப்புறையின் பெயரை ஒருமுறை எழுதி வைத்துவிடுகிறோம். புதிதாக வந்தவருக்கு வழக்கமான டீ. அது ஸ்கிரிப்ட்டுக்குள்ளேயே எழுதியிருக்கும் இயல்பு மதிப்பு. இன்றைக்கு மட்டும் "சர்க்கரை வேண்டாம்" என்றால் அந்தப் பேச்சுதான் செல்லும். இயல்பை அமைவுக் கோப்பு மீறும், அமைவுக் கோப்பைக் கட்டளை வரி மீறும்.

அமைவுக் கோப்பைப் படிக்கச் சுலபமான வழி ஒன்று பலருக்குத் தெரியும். ஒரு புள்ளி வைத்து, இடைவெளி விட்டு, கோப்பின் பெயரை எழுதினால் போதும். நானும் அப்படித்தான் செய்தேன். ஆனால் அது கோப்பைப் படிப்பதில்லை, இயக்குகிறது. உள்ளே இருக்கும் ஒவ்வொரு வரியும் கட்டளையாகவே ஓடும். ஒரு நாள் ஸ்கிரிப்ட்டை ஓட்டியதும் திரையில் "இன்னைக்கு கம்ப்யூட்டர் சாருக்கு லீவு" என்று வந்தது. அமைவுக் கோப்பில் யாரோ 'எக்கோ' வரி ஒன்றைச் சேர்த்திருக்கிறான். சிரித்துவிட்டேன், ஆனால் அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் அதே நினைப்பு. 'எக்கோ' எழுதியவன் அழிக்கும் கட்டளையை எழுதியிருந்தால்?

இப்போது கோப்பை வரி வரியாக 'ரீட்' கட்டளையால் படிக்கிறேன். சமக்குறிக்கு முன்னால் இருப்பது பெயர், பின்னால் இருப்பது மதிப்பு. வெற்று வரியையும் குறிப்பு வரியையும் தாண்டிவிடும். எனக்குத் தெரிந்த நான்கு பெயர்களில் ஒன்றாக இருந்தால் மட்டும் ஏற்கும். மற்றதற்கு "இந்தப் பெயர் தெரியாது" என்று வரி எண்ணோடு சொல்லும். பத்து வரி கூடுதலாக எழுத வேண்டியிருக்கிறது. எழுதலாம்.

இரண்டு சில்லறைத் தொல்லைகளையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் ஒரு மாலை மிச்சமாகும். விண்டோஸ் நோட்பேடில் புதிதாக உருவாக்கிய கோப்பில் ஒவ்வொரு வரியின் முடிவிலும் கண்ணுக்குத் தெரியாத ஓர் எழுத்து கூடுதலாக ஒட்டியிருக்கும். 'காப்பு' என்ற கோப்புறை கண் முன்னே இருக்கும்போதே "அப்படி ஒன்று இல்லை" என்று ஸ்கிரிப்ட் சாதிக்கும். அந்த எழுத்தை நீக்கிவிட்டுப் படிக்க வேண்டும். அடுத்தது, கடைசி வரிக்குப் பிறகு என்டர் தட்டாமல் சேமித்திருந்தால் 'ரீட்' அந்த வரியைப் படித்துவிட்டும் "முடிந்தது" என்று தோல்வி காட்டும், மடக்கு அதைக் கைவிட்டுவிடும். மாறியில் ஏதேனும் மிச்சம் இருக்கிறதா என்று கூடவே பார்க்க வேண்டும்.

எந்த அமைவுக் கோப்பைப் படிப்பது என்பதையே கட்டளை வரியில் '-எஃப்' மூலம் சொல்ல விரும்பினால் ஒரு சிக்கல் வருகிறது. கட்டளை வரியைப் படித்தால்தான் எந்தக் கோப்பு என்று தெரியும். ஆனால் கோப்பைப் படித்த பிறகுதான் கட்டளை வரி அதை மீற முடியும். கோழியா முட்டையா கதை. நான் இரண்டு முறை படிக்கிறேன். முதல் சுற்றில் எஃப் மட்டும். பிறகு கோப்பு. இரண்டாம் சுற்றில் மற்றவை. நடுவில் 'ஆப்ட்இண்ட்' மாறியை மீண்டும் 1 ஆக்க வேண்டும். நான் மறந்தேன். இரண்டாம் சுற்று ஒன்றையும் படிக்காமல் அமைதியாக முடிந்தது. கட்டளை வரியில் என்ன சொன்னாலும் கோப்பே வென்றது. பிழை சொல்லாத பிழைகள்தான் என் தலையில் நரையை ஏற்றின.

இவ்வளவு செய்தாலும் மதிப்பு வெறுமையாக வந்துவிடலாம். 2015 ஜனவரியில் ஸ்டீம் என்ற விளையாட்டு மென்பொருளின் லினக்ஸ் பதிப்பில் இதுதான் நடந்தது. ஒரு கோப்புறையின் பெயரைத் தாங்க வேண்டிய மாறி வெறுமையாக இருந்தது. அதன் பின்னால் சாய்கோடும் உடுக்குறியும் போட்டு அழிக்கும் கட்டளை. பெயர் மறைந்து சாய்கோடு மட்டும் நின்றால் வட்டின் அடிவேரிலிருந்து என்று பொருள். ஒரு பயனரின் சொந்தக் கோப்புகள் எல்லாம் போயின, வெளியே இணைத்திருந்த வட்டில் இருந்தவை உட்பட. அந்த வரிக்கு மேலே, இது பயமுறுத்துகிறது என்ற பொருளில் எழுதியவரே ஒரு குறிப்பும் வைத்திருந்தார். பயந்தவர் சோதித்திருக்கலாம்.

ஷெல்லில் மாறியின் பெயருக்குப் பின்னால் நெளிவு அடைப்புக்குள் முக்காற்புள்ளியும் கேள்விக்குறியும் சேர்த்து எழுதினால், வெறுமையாக இருக்கும்போது ஸ்கிரிப்ட் அங்கேயே நின்றுவிடும். அதற்கு மேல், அழிக்கும் முன் இரண்டு கோப்புறைகளும் உண்மையில் இருக்கின்றனவா, இரண்டும் வேறு வேறா, வேலையில் உள்ளதைவிடக் காப்பில் புதிய கோப்பு இருக்கிறதா என்று பார்க்கிறேன். '-என்' கொடுத்தால் என்ன செய்யப் போகிறது என்பதை மட்டும் சொல்லும், எதையும் தொடாது. ஆறு வரி இன்று எண்பது வரி ஆகிவிட்டது.

இப்போதும் நான் இல்லாத நாட்களில் இயற்பியல் ஆசிரியைதான் காப்பு எடுக்கிறார். போன மாதம் ஒரு மாலை அவரிடமிருந்து அழைப்பு. நெஞ்சு ஒரு கணம் அடித்துக்கொண்டது.

"சார், 'காப்புக் கோப்புறை இல்லை, எதுவும் அழிக்கப்படவில்லை'ன்னு வருது."

"பென் டிரைவ் செருகியிருக்கீங்களா டீச்சர்?"

சிறிது நேரம் சத்தமில்லை.

"இப்ப செருகிட்டேன் சார். நீங்க வச்சிடுங்க."